ஒற்றை ஸ்டிக்கர்

“மார்பு ரெண்டு. ஸ்டிக்கர் ஒண்ணு. இடிக்குதே எடின்சன்,” என்றாள் யொலிமா கைசெதோ.

கையிலிருந்த சின்ன அட்டையை அவள் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்தாள். பிப்ரவரிக் காற்று, கடற்கரை ஊரான பராங்கியாவின் தெருக்களின் மணலையும் மத்தளச் சத்தத்தையும் ஒன்றாக வாரி மூன்றாவது மாடி அலுவலகத்துக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. கார்னிவலுக்கு இன்னும் பதினாறு நாள்தான். முக்குக்கு முக்கு ஒத்திகை நடந்தது.

எடின்சன் பலாந்தாவுக்கு வாய் நிறைய அரேப்பா, முட்டை வைத்துப் பொரித்த சோள அடை. நாற்பத்து நாலு வயதில் அவனுக்கு இரண்டு தொழில்கள்: டாக்சி ஓட்டுவது, யொலிமாவுக்கு உதவியாளனாக இருப்பது. இரண்டிலும் வாய்தான் அதிகம் வேலை செய்யும். யொலிமா அப்படியல்ல. பதினெட்டு வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக நின்றவள். ஒரு பெரிய டாக்டர் செய்த தப்பை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தவள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு எந்த ஆஸ்பத்திரியும் அவளைச் சேர்க்கவில்லை. துப்பறியும் தொழிலுக்கு அதைவிடப் பெரிய தகுதிச் சான்றிதழ் தேவையில்லை என்று எடின்சன் எல்லோரிடமும் சொல்வான்.

எதிர் நாற்காலியில் மார்லெனி பெர்தூஸ் வலது கையை மடியில் வைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முப்பத்து மூன்று வயது. ஊர்வலத்தில் இறகுக் கிரீடத்தோடு முதல் வரிசையில் ஆடுகிற நடனக்காரி. பதினாலு மாதம் முன்பு மார்பைப் பெரிதாக்க டாக்டர் இக்னாசியோ உமான்யாவின் கிளினிக்கில் சிலிக்கான் வைத்துக்கொண்டாள். இடது பக்கம் சொன்னபடி கேட்டது. வலது பக்கம் நாலாவது மாதமே இறுக ஆரம்பித்து, இப்போது கல்லாகி, கழுத்தெலும்பை நோக்கி மேலே ஏறியிருந்தது. கையைத் தூக்கினால் உயிர் போகிறது.

“அவர்கிட்ட போனியா?” என்று கேட்டாள் யொலிமா.

“போனேன் தோன்யா,” என்றாள் மார்லெனி, பெரியவர்களை அழைக்கிற மரியாதைச் சொல்லோடு. “உன்னை எனக்குத் தெரியவே தெரியாதுங்கறார். இந்தக் கார்டு போலியாம். ஏதோ பியூட்டி பார்லர்ல ஊசி போட்டுட்டு வந்து தன் தலையில கட்டப் பாக்கறேனாம்.”

“வேற டாக்டர்?”

“சொராய்தா மெசான்னு ஒருத்தங்க. நல்லவங்க. உள்ள எதை வெச்சாலும் உடம்பு அதைச் சுத்தி ஒரு உறை கட்டிக்குமாம். எல்லாருக்கும் கட்டுமாம். சில பேருக்கு மட்டும் அந்த உறை சுருங்கி இறுக்கிடுமாம். கிருமி பட்டிருந்தா இன்னும் சீக்கிரம். உறையோட சேர்த்து எடுத்துட்டு, வேணும்னா புதுசு வைக்கலாம், வேணாம்னா அப்படியே ஒழுங்கு பண்ணித் தைக்கலாம், சரி பண்ணக்கூடியதுதான், அழாதேன்னாங்க. பதினஞ்சு நாள் கழிச்சு தேதியும் குடுத்துட்டாங்க.”

“அப்புறம் என்னம்மா? போய் சரி பண்ணிட்டு வா,” என்றான் எடின்சன், அரேப்பாவை விழுங்கிவிட்டு.

மார்லெனி அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் வாய் தானாக மூடியது.

“எங்கம்மா என்ன சொல்றா தெரியுமா? ஆசைப்பட்டேல்ல, அனுபவி. பக்கத்து வீட்டுக்காரி சொல்றா, கடவுள் குடுத்தது போதாதா உனக்குன்னு. வலிக்குதுன்னு சொன்னா ஊரே எனக்கு உபதேசம் பண்ணுது. அந்த ஆள் கோட்டு போட்டுக்கிட்டு அடுத்தவளை மேசையில படுக்க வைக்கறான். எனக்கு உடம்பு சரியானா மட்டும் போதாது. இதைப் பண்ணினது நான்தான்னு அவன் ஒத்துக்கணும்.”

யொலிமா அட்டையை மேசை மேல் வைத்தாள். இடது பக்கத்துக்கான கட்டத்தில் கம்பெனி ஸ்டிக்கர், அதில் அச்சடித்த நம்பர். வலது பக்கத்துக்கான கட்டத்தில் பேனாவால் எழுதிய நம்பர். இடது நம்பரோடு ஒன்று கூட்டி எழுதியிருந்தது.

“ஸ்டிக்கர் தொலைஞ்சு போச்சுன்னு கையால எழுதிக் குடுத்தாங்க,” என்றாள் மார்லெனி.

“பெட்டியோட நாலு ஸ்டிக்கர் வரும். ஒண்ணு தொலையலாம். நாலும் தொலையாது,” என்று சொல்லி யொலிமா கைப்பையைத் தோளில் மாட்டினாள். “வண்டியை எடு எடின்சன்.”

“பாஸ், இன்னைக்கு ஒன்பதுல முடியற நம்பர் டாக்சி ரோட்டுக்கு வரக்கூடாது. என்னுது ஒன்பது.”

“உன் வாயும்தான் பல இடத்துக்கு வரக்கூடாது. வருதே.”

*

டாக்டர் உமான்யா, மலை மேலிருக்கிற தலைநகரான பொகோட்டாக்காரர். பராங்கியாவின் வெயிலிலும் டை கட்டுகிற ஜாதி. சிரிக்கும்போது பற்கள் மட்டும் சிரித்தன.

“உதவி பண்ண ஆசைதான் சீனியோரா. ஆனா அந்த வருஷத்துப் பைல் எதுவுமே இப்ப இல்ல. போன ஜனவரி மழையில தெரு முழுக்க ஆறா ஓடிச்சே, கீழ்த்தளம் முழுகிப்போச்சு. எல்லாம் கூழ்.”

“பாவம்,” என்றாள் யொலிமா, நிஜமாகவே வருத்தப்படுகிறவள் மாதிரி.

வெளித் தாழ்வாரத்துக்கு வந்ததும் எடின்சனால் அடக்க முடியவில்லை.

“ஜனவரியில இந்த ஊர்ல மழையா? பாஸ், அந்த மாசம் என் மாமியார் கண்ணுலகூட தண்ணி வராது! காத்து மட்டும்தானே அடிக்கும்.”

“நம்ம தெருவுல ஆறு ஓடும்னு யார்கிட்டயோ கேட்டிருக்கார். எந்த மாசம் ஓடும்னு கேக்காம விட்டுட்டார். அவர் ஊர்ல வருஷம் பூரா தூறும் இல்லையா.”

எடின்சன் சிரித்துக்கொண்டே பழக்க தோஷத்தில் ஆபரேஷன் தியேட்டர் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் கையை வைத்தான். எந்தக் கிளினிக்கானாலும் அந்த இடத்தில் ரோஜா நிற அங்கியோடு இரு கையும் தூக்கி நிற்கிற தெய்வக் குழந்தையின் படம் இருக்கும். போகிற வருகிறவர்கள் அதன் பாதத்தைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொள்வார்கள். எடின்சனின் விரலில் ஆணி குத்தியது.

“ஐயோ! குழந்தையைக் காணோம். ஆணி மட்டும் இருக்கு.”

யொலிமா நின்றுவிட்டாள். சுவரில் ஒரு சதுரம் மட்டும் அழுக்குப் படாமல் வெளுப்பாக இருந்தது. நேராக வரவேற்பு மேசைக்குப் போனாள். அங்கே இருந்த யுரானிஸ் என்ற பெண் நகத்துக்கு சமிக்கி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“குழந்தை எங்கம்மா போச்சு?”

“நோஹெமி அம்மா எடுத்துட்டுப் போயிட்டாங்க. தியேட்டர்ல இருந்த பழைய நர்ஸ். டாக்டர் அவங்களை வேலையை விட்டு அனுப்பினப்போ வேற எதுவும் வேணாம், அந்தப் படத்தை மட்டும் குடுங்கன்னு நின்னாங்க. ரெபோலோவுல சர்ச்சுக்குப் பின்னாடி வீடு.” யுரானிஸ் குரலைத் தாழ்த்தினாள். “போனதுலேர்ந்து இந்தத் தாழ்வாரமே நல்லா இல்ல.”

டாக்சியில் ஏறியதும் எடின்சன் கேட்டான், “படத்துக்குப் போய் ஏன் பாஸ் இப்படிப் பறக்கறீங்க?”

“பெட்டியில நாலு ஸ்டிக்கர்னேன்ல? ஒண்ணு பைலுக்கு. ஒண்ணு பேஷன்ட் கார்டுக்கு. ஒண்ணு கம்பெனிக்கு. நாலாவது மிச்சம். அதைத் தூக்கிப்போட நர்ஸுங்க எங்களுக்கு மனசே வராது. நான் என் டைரியில ஒட்டுவேன். ஒருத்தி அலமாரிக் கதவுல ஒட்டுவா. பக்தியான நர்ஸ் எங்க ஒட்டுவா?”

எடின்சன் இரண்டு சந்து தள்ளித்தான் பதிலைக் கண்டுபிடித்தான். அதற்குள் ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரர் அவன் நம்பரைக் குறித்துக்கொண்டார்.

*

நோஹெமி அல்தாமாரின் வீட்டில் நடக்க இடமில்லை. நாற்காலி, கட்டில், மேசை எல்லாவற்றிலும் கார்னிவல் உடுப்புகள். அறுபது வயதுக்காரி மூக்குக் கண்ணாடியோடு ஒவ்வொரு சமிக்கியாகத் தைத்துக்கொண்டிருந்தாள். மூலையில் மெழுகுவத்திக்கு மேலே குழந்தை இரண்டு கையையும் தூக்கி நின்றது.

விஷயத்தைக் கேட்டதும் ஊசி நின்றது.

“நான் சோறு தின்ன இடத்தைப் பத்தித் தெருவுல பேசறவ இல்ல மகளே. போயிட்டு வாங்க.”

“தெருவுல வேணாம் தோன்யா நோஹெமி. குழந்தைகிட்ட பேசுங்க. நாங்க ஒட்டுக்கேட்டுட்டுப் போறோம்,” என்றாள் யொலிமா. “ஞாயித்துக்கிழமை சர்ச்சுல யாருக்காக மண்டி போடறீங்க? பேரை மட்டும் சொல்லுங்க.”

நோஹெமி எழுந்துபோய் மெழுகுவத்தியை அணைத்தாள். படத்தை ஆணியிலிருந்து எடுத்துத் திருப்பினாள்.

பின்பக்க அட்டை முழுக்க ஸ்டிக்கர்கள். ஜோடி ஜோடியாக, நூல் பிடித்தாற்போல் வரிசை. ஒவ்வொரு ஜோடிக்குக் கீழேயும் பென்சிலில் பெயரும் தேதியும். எடின்சன் விரலால் தேடிக்கொண்டே போனான். கடைசி வரிசையில் விரல் நின்றது. மார்லெனி. ஒரே ஒரு ஸ்டிக்கர். பக்கத்துக் காலி இடத்தில் சின்னதாக ஒரு சிலுவைக் குறி.

“வலது எங்க?” என்றாள் யொலிமா.

“கீழ விழுந்துடுச்சு. என் கையிலேர்ந்து இல்ல, அவர் கையிலேர்ந்து. விழுந்து, உருண்டு, ஸ்டூலோட கால்ல மாட்டிக் கிழிஞ்சது. அதோட ஸ்டிக்கர் நாலும் பெட்டியோட கம்பெனிக்குத் திரும்பிப் போச்சு. அதே அளவுல புதுசா வேற ஒண்ணு இல்ல. பொண்ணு மேசையில மயக்கத்துல கிடக்கா, ஒரு பக்கம் தைச்சாச்சு, ஒரு பக்கம் திறந்து கிடக்கு. மூடிட்டு இன்னொரு நாள் வெச்சிருக்கலாம். அவளை எழுப்பி உண்மையைச் சொல்லியிருக்கலாம்.” அவள் படத்தின் ஓரத்தைத் தடவினாள். “அன்னைக்குக் காலையில தோர்லிஸ்னு ஒருத்தி, எனக்கு இனிமே வேணாம்னு ரெண்டையும் எடுக்க வெச்சுட்டுப் போனா. குப்பைக்குப் போக வேண்டியது, சட்டியில கிடந்தது. வலதை எடுத்துக் கழுவுன்னார்.”

யொலிமா அவள் கைகளைப் பார்த்தாள்.

“கழுவினேன்,” என்றாள் நோஹெமி. “கேட்டேன், கத்தினேன், ஆனா கழுவினேன். மறுவாரம் என்னை அனுப்பிட்டார். அதுலேர்ந்து குழந்தைகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது.”

யொலிமா இரண்டு வரிசை மேலே விரலை வைத்தாள். தோர்லிஸ், மார்லெனியின் தேதிக்கு மூன்று வருடம் முந்தையது. இரண்டு ஸ்டிக்கர். வலது பக்கத்து நம்பரைத் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

அப்போது எடின்சனின் போன் ஒலித்தது. மார்லெனியின் செய்தி. அவன் வாய்விட்டுப் படித்தான்.

“நாலரைக்கு உமான்யா கிளினிக்குக்கு வண்டி கொண்டு வர முடியுமா? காலையில நீங்க வந்துட்டுப் போனதும் டாக்டரே கூப்பிட்டார். எதுவும் சாப்பிடாதே, இன்னைக்கே இலவசமா சரி பண்ணித் தரேன், யார்கிட்டயும் சொல்லாதேன்னார். வலி தாங்கல. வந்துட்டேன். உடுப்பு மாத்தியாச்சு.” எடின்சன் முகம் மலர்ந்தது. “பார்த்தீங்களா பாஸ், பயந்துட்டார்! அவரே சரி பண்றார். கேஸ் முடிஞ்சுது.”

யொலிமா அதற்குள் வாசலுக்குப் போயிருந்தாள்.

“வண்டியை எடு. சிக்னல் எதையும் பாக்காதே.”

“நானும் வரேன்,” என்றாள் நோஹெமி. படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, தைத்துக்கொண்டிருந்த சமிக்கிப் பாவாடையை மிதித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

*

யுரானிஸ் அவர்களைத் தடுக்கவில்லை. குழந்தையைப் பார்த்ததும் எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். அந்தச் சில நொடிகளில் மூவரும் தாழ்வாரத்தைத் தாண்டிவிட்டார்கள்.

தியேட்டருக்கு முந்தைய அறையில் மார்லெனி சக்கரக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். தலையில் காகிதத் தொப்பி. அங்கியின் கழுத்து வழியாக, மார்பில் டாக்டர் போட்ட ஊதா நிறக் கோடுகள் தெரிந்தன. உமான்யா பச்சை உடுப்பில், பையில் அதே ஊதாப் பேனாவோடு நின்றிருந்தார். பக்கத்து மேசையில் ஒரு காகிதம். அதன் கீழே மார்லெனியின் கையெழுத்து.

எடின்சன் எட்டிப் பார்த்தான். “முதல் அறுவை சிகிச்சை வேறிடத்தில் நடந்தது எனவும்... அடேங்கப்பா. மனிதாபிமானத்தின் பேரில் எனவும்... டாக்டர், நல்லா எழுதறீங்க. கதை எழுதலாம்.”

“வெளியே போங்க. இது கிருமி நீக்கின இடம்,” என்றார் உமான்யா.

“கிருமியைப் பத்தி நீங்க பேசறீங்களா?” என்றாள் நோஹெமி. டாக்டர் அப்போதுதான் அவளைப் பார்த்தார். அவர் பற்கள் கூடச் சிரிக்கவில்லை.

மார்லெனி யொலிமாவைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. “தோன்யா, திட்டாதீங்க. அவன் ஒத்துக்கணும்னு பெரிசாப் பேசினேன். ஆனா வலிக்குது. ராத்திரி புரண்டு படுக்க முடியல. எடுத்துத் தொலைச்சாப் போதும்னு ஆயிடுச்சு.”

“உன்னைத் திட்டலை மகளே. இவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளு. உள்ளேயிருந்து எடுக்கிறதை உன் கையில குடுப்பாரான்னு கேளு.”

மார்லெனி திரும்பினாள். “குடுப்பீங்களா டாக்டர்?”

“அதெல்லாம் மருத்துவக் கழிவு. சிவப்புப் பையில போட்டு எரிக்கணும். விதி.”

“அதேதான்,” என்றாள் யொலிமா. “மார்லெனி, கம்பெனிக்காரன் ஸ்டிக்கர்ல மட்டும் நம்பர் போடறதில்ல. சிலிக்கான் பையோட முதுகுலயே அச்சு குத்தி வைக்கறான். கார்டைப் போலின்னு சொல்லலாம். பைலை ஜனவரி மழையில விடலாம். ஆனா அந்த நம்பரை மட்டும் யாராலயும் அழிக்க முடியாது. இவருக்கு எதிரான சாட்சி உன் வலது மார்புக்குள்ள பத்திரமா இருக்கு. காலையில நாங்க வந்து கேட்டோம். மத்தியானமே ஐயாவுக்கு உன் மேல இவ்வளவு அன்பு. சாட்சியைத் தானே வெளியே எடுத்து, தானே எரிச்சு, நீயே நன்றின்னு கையெழுத்துப் போட்டுக் குடுக்க!”

உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். “இந்த நம்பர்தான் உன் உள்ள இருக்கு. உனக்கு முன்னாடி மூணு வருஷம் தோர்லிஸ்ங்கற பொண்ணுக்குள்ள இருந்தது. சட்டியிலேர்ந்து எடுத்துக் கழுவி உனக்கு வெச்சார்.”

மார்லெனி நோஹெமியைப் பார்த்தாள். நோஹெமி கண்ணை எடுக்காமல் தலையை ஆட்டினாள்.

“கழுவினது நான்தான். எங்க வேணாலும் வந்து சொல்றேன். மன்னிக்க வேணாம்.”

உமான்யாதான் முதலில் சுதாரித்தார். குரலில் தேன் தடவிக்கொண்டார்.

“யோசிச்சுப் பாரு மார்லெனி. ஒரு சாமி படத்தையும் கிழவியையும் வெச்சு என்ன பண்ணிடுவாங்க? கேஸ் போட்டா உன் மார்பைப் பத்தி பேப்பர்ல வரும். ரேடியோவுல வரும். ஊரே பேசும். ஒரு பொண்ணுக்கு அது அசிங்கமா இருக்காதா?”

மார்லெனி சிரித்தாள். முதலில் மெதுவாக, பிறகு வலிக்கிற பக்கத்தைக் கையால் பிடித்துக்கொண்டு வயிறு குலுங்க.

“டாக்டர், நீங்க நிஜமாவே பொகோட்டாதான். நாலு கிலோமீட்டர் ஊர்வலத்துல, ரெண்டு கை அகலத் துணியும் இறகும் கட்டிக்கிட்டு, பத்து வருஷமா இந்த ஊரே பார்க்க ஆடறவ நான். என் மார்பைப் பத்தி ஊர் பேசாத வருஷம் எது?” சிரிப்பு நின்றது. “ஆசைப்பட்டுத்தான் வெச்சுக்கிட்டேன். என் உடம்பு. அதுக்காக எவகிட்டயும் எவன்கிட்டயும் மன்னிப்புக் கேக்க மாட்டேன். இனிமே புதுசு வெச்சுக்குவேனோ, ஒண்ணும் வேணாம்னு விடுவேனோ, அதுவும் என் இஷ்டம். டாக்டர் மெசா எடுப்பாங்க, அரசாங்க வக்கீல் பக்கத்துல நின்னு நம்பரைப் படிப்பார். இன்னும் பதினஞ்சு நாள்தானே? பத்து மாசம் தாங்கினவளுக்குப் பதினஞ்சு நாள் தாங்காதா?”

கட்டிலிலிருந்து இறங்கி, டாக்டரின் பையிலிருந்த ஊதாப் பேனாவை உருவினாள். அங்கியைக் கொஞ்சம் இறக்கி, குனிந்து, அவர் போட்ட கோடுகளின் மேலேயே கொட்டை எழுத்தில் எழுதினாள்: உமான்யா தொடக்கூடாது.

“அந்தக் காகிதத்துல உன் கையெழுத்து இருக்கு,” என்றார் உமான்யா. குரல் உடைந்திருந்தது.

“எங்க டாக்டர்?” என்றான் எடின்சன். மேசையிலிருந்த தண்ணீர் ஜாடியை அவன் காகிதத்தின் மேல் நிதானமாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். மை கரைந்து தரையில் சொட்டியது. “அடடா. ஜனவரி மழை. கொஞ்சம் லேட்டா வந்திருக்கு.”

மார்லெனி உடுப்பு மாற்றவில்லை. காகிதத் தொப்பியை மட்டும் பிடுங்கி எறிந்துவிட்டு, பின்பக்கம் திறந்த அங்கியோடு, ஊர்வலத்தில் நடக்கிற அதே நடையில் தாழ்வாரத்தைக் கடந்தாள். எடின்சன் தன் சட்டையைக் கழற்றி அவள் இடுப்பில் கட்ட ஓடினான். அவள் வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டாள்.

காத்திருக்கும் அறையில் ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். ஊதா எழுத்தைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

“எனக்கு வலதுல வெச்சது, இன்னொருத்திகிட்டேருந்து எடுத்தது,” என்றாள் மார்லெனி. “உங்க கார்டை எடுத்துப் பாருங்க. ரெண்டு ஸ்டிக்கர் இருக்கணும். ரெண்டும் அச்சடிச்சதா இருக்கணும்.”

ஒரு கைப்பை ‘டக்’ என்று திறந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. யொலிமா சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜன்னல் பக்கம் மஞ்சள் உடுப்பில் இருந்த ஒருத்தி எழுந்து நின்றாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அட்டையை முன்னால் நீட்டினாள்.

“போன அக்டோபர்ல வெச்சுக்கிட்டேன். எனக்கும் ஒரு பக்கம் கையாலதான் எழுதியிருக்கு. இடது பக்கம். ரெண்டு மாசமா இறுகுது. நான்தான் ஒழுங்கா மசாஜ் பண்ணலைன்னார்.”

மார்லெனி அவளிடம் நடந்துபோனாள். ஒரு வார்த்தையும் சொல்லாமல் ஊதாப் பேனாவை அவள் கையில் கொடுத்தாள்.